கரையில் மூட்டிய கரிநெருப்பு

அறுகம்பேயின் விடியற்காலையை ஒருமுறை கண்டவர் எளிதில் மறவார். பொத்துவிற் பட்டினத்துக்குத் தெற்கே, களப்பைப் பாலத்தாற் கடந்து சென்றால், பிறை வடிவாக வளைந்து கிடக்கிறது அக்குடா. அயலூரவர் அதனை உல்லை என்பர்; அறுகம்குடா என்பாரும் உளர். இருள் பிரியும் வேளையில் கடலின் கீழ்விளிம்பு முதலிலே சாம்பல் நிறமாகி, பின்னர் செம்மை பூத்து, கதிரவன் நீரினின்றே எழுவதுபோல மேலெழுகின்றான். மேல்நாட்டார் அலைச்சறுக்கு விளையாட்டுக்காக இங்கு வருகிறார்கள். நம்மவருக்கோ இது பரம்பரையாக மீன்பிடிக்கும் கரை.

சென்ற சித்திரை விடுமுறையில், உயர்தர வகுப்பு மாணவர் சிலருடன் நாம் அங்கே ஓரிரவு தங்க நேர்ந்தது. மாணவர்களிற் சைவரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர் ஒருவரும் இருந்தார். அதிகாலையிற் கரைக்குச் சென்றோம். இராமுழுவதும் கடலில் இருந்த படகுகள் அப்பொழுதுதான் திரும்பிக்கொண்டிருந்தன. மணலில் மூன்று கல்லை வைத்து நெருப்பு மூட்டி, முதியவர் ஒருவர் கேத்தலில் நீர் கொதிக்கவைத்துக் கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும், “வாங்க மனே, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. சேர், நீங்களும் இருங்க” என்று அழைத்தார். யார், எவ்வூர், என்ன சமயம் என்று அவர் வினவவில்லை.

நெருப்பைச் சுற்றி அமர்ந்தோம். அவ்வேளையில் கிறிஸ்தவ மாணவர் மெல்லச் சொன்னார்: “சேர், யோவான் எழுதிய சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் இப்படித்தான் இருக்கும்.”

உண்மைதான். அவ்வதிகாரத்தை நாமும் படித்திருக்கிறோம். இக்கட்டுரை அந்த ஒரு சொல்லிலிருந்து பிறந்தது.

விடியலில் நின்றவர்

இயேசுநாதர் சிலுவையில் அறையுண்டு இறந்து, அடக்கஞ் செய்யப்பெற்று, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படை. மற்றைய போதனைகள் யாவும் இதன்மேல் எழுந்த மாளிகையே. உயிர்ப்பு இல்லையாயின் தாம் செய்யும் பிரசங்கமும் வீண், கேட்போரின் நம்பிக்கையும் வீண் என்று பவுலடிகள் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில் ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றார். தம் சமயம் முழுவதையும் ஒரே நிகழ்ச்சியின்மீது பந்தயமாக வைத்த துணிவு அது.

நாம் சைவர். உயிர்ப்பு மெய்யாக நிகழ்ந்ததா என்று வழக்காடுவது எமது நோக்கமன்று. முஸ்லிம் சகோதரர்கள் ஈஸா நபியைப் பெரிதும் போற்றுவர். எனினும் அவர் சிலுவையில் இறந்தார் என்பதை ஏற்பதில்லை. எமக்கோ பிறவிச் சுழலும் வீடுபேறும் வேறு வகையாகப் போதிக்கப்பட்டுள்ளன. இவ்வேற்றுமைகளை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. ஆயினும், அயலவன் எதனை நம்பி வாழ்கிறான், அந்நம்பிக்கை அவனை எவ்வாறு நடக்கச் செய்கிறது என்பதை அறியாமல் அயலில் வாழ்வதும் அறியாமையே அன்றோ?

சுவிசேஷங்கள் கூறும் வரலாற்றில் நம் மனத்தைக் கவர்வன சில உள. கல்லறை வெறுமையாய் இருந்ததை முதலிற் கண்டோர் பெண்கள். அக்காலத்து யூத சமுதாயத்திற் பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. கட்டிச் சொல்லும் கதையாயின் இத்தகைய சாட்சிகளை எவரும் முன்னிறுத்தார் என்று அறிஞர் பலர் எடுத்துக் காட்டுவர். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி மயங்கினார். பெயர் சொல்லி அழைத்த பின்னரே அறிந்துகொண்டார். இடிமுழக்கமோ மின்னலோ இல்லை. பகைவர்முன் தோன்றி அவர்களை வெட்கப்படுத்தவும் இல்லை. தமக்குத் தண்டனை விதித்த பிலாத்துவின் அரண்மனைக்கு அவர் போகவில்லை. அஞ்சிக் கதவடைத்துக் கிடந்த நண்பர்களிடத்தே போனார்.

அவர்களுக்கு அவர் கூறிய முதல் வார்த்தை, உங்களுக்குச் சமாதானம் உண்டாகுக என்னும் வாழ்த்து. அவர் தாய்மொழி அராமிக். அம்மொழியிலும் அதன் உடன்பிறந்த எபிரேயத்திலும் அரபியிலும் சமாதானத்தைக் குறிக்கும் சொற்கள் ஒரே வேரினின்று கிளைத்தவை. எனவே கல்முனைத் தெருவிலும் பொத்துவில் கடைவீதியிலும் நாள்தோறும் நாம் கேட்கும் ‘ஸலாம்’ என்னும் சொல்லும், உயிர்த்த ஞாயிறன்று மாலை அந்தப் பூட்டிய அறையிற் கேட்ட சொல்லும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. எமது மந்திரங்கள் இறுதியில் மும்முறை சாந்தி கூறி முடிவதையும் மாணவர்கள் நினைத்துக்கொள்க.

வாழ்த்தியபின் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். ஆணி பாய்ந்த வடுக்கள் அங்கே இருந்தன. மரணத்தையே வென்று எழுந்த உடலில் அந்த வடுக்கள் ஏன் மறையாமல் நின்றன? இவ்வினாவை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். மன்னிப்பு என்பதன் பொருள் இதில் அடங்கியிருக்கிறது.

இரண்டு நெருப்புக்கள்

இனி அறுகம்பேயின் நெருப்பினிடம் வருவோம். யோவான் சுவிசேஷத்தின் இறுதி அதிகாரம் ஒரு மீன்பிடிக் கரையில் நிகழ்கிறது. சீடர் எழுவர் கலிலேயாக் கடலில் இராமுழுதும் வலைவீசி ஒன்றும் அகப்படாது திரும்புகின்றனர். விடியற்காலையில் கரையில் ஒருவர் நிற்கிறார். வலப்புறம் வலையை வீசும்படி சொல்கிறார். வலை கிழியாமல் 153 பெரிய மீன்கள் அகப்படுகின்றன. கரையேறியபோது அங்கே கரிநெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் இருந்தன. உயிர்த்தெழுந்தவர் அவர்களுக்குக் காலை உணவு சமைத்து வைத்திருந்தார்.

இந்தக் கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றையது எங்கே? இயேசுநாதர் பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில், காவலர் மூட்டிய நெருப்பினருகே. அங்கே குளிர்காய்ந்து நின்ற பேதுரு, அவரைத் தமக்குத் தெரியாது என்று மும்முறை மறுதலித்தார். இப்பொழுது கடற்கரை நெருப்பினருகே, தம்மிடம் அன்புண்டா என்று மும்முறை கேட்கப்படுகிறார். மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துயருற்றார் என்று சுவிசேஷம் கூறுகிறது. துயருறாமல் எப்படி இருக்கும்? ஆறாத புண்ணையன்றோ அவ்வினா தொட்டது!

மன்னிப்பு வழங்கிய முறையைப் பாருங்கள். நடந்ததை நடக்காததுபோல விட்டுவிடவில்லை. அதனை ஊரறியச் சொல்லிப் பேதுருவை இழிவுபடுத்தவும் இல்லை. உண்மையை எதிர்கொள்ளச் செய்தார். உடனே ஆடுகளை மேய்க்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார். உணவு முதலில், வினா அடுத்து, பொறுப்பு இறுதியில். மாணவரைக் கண்டிக்கும் ஆசிரியராகிய நாமும், பிள்ளைகளைத் திருத்தும் பெற்றோரும் கற்கவேண்டிய முறை இதுவே.

2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு

கதையும் தத்துவமும் இனியவை. ஆனால் நமது கிழக்குக் கரையில் இப்போதனை இரத்தத்தால் சோதிக்கப்பட்டதை நாம் அறிவோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்புக் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிலும், கொழும்பின் பெரிய விடுதிகள் மூன்றிலும் தற்கொலைக் குண்டுதாரிகள் வெடித்தனர். நாடு முழுவதிலும் 260 பேருக்கு மேல் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் மாண்ட 31 பேரில் 14 பேர் சிறுவர். ஞாயிறுப் பாடசாலை முடிந்து, உயிர்ப்பின் பாடத்தைக் கேட்ட காதுகளோடு, முற்றத்தில் நின்ற குழந்தைகள் அவர்கள்.

தோளிற் பையுடன் வந்த அந்நியனை ஐயுற்று, உள்ளே புகவிடாது வெளியே நிறுத்தியவர் சபையைச் சேர்ந்த ஒருவர். அவரும் மாண்டார். அவர் தடுத்திராவிடின் நிறைந்திருந்த மண்டபத்தினுள் எத்தனை உயிர் போயிருக்கும் என்று எண்ணவும் நெஞ்சு நடுங்குகிறது. நற்செய்தியை வாழ்ந்து காட்டுதல் என்பதற்கு இதனினும் விரிவுரை வேண்டுமோ?

அதன்பின் சில நாட்களில் அச்சபையின் தலைமைப் போதகர் ரோஷன் மகேசன் பகிரங்கமாகப் பேசினார். தமக்கு வேதனையும் கோபமும் உண்டென்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும், குண்டுதாரியையும் அவனை அனுப்பினோரையும் தாங்கள் மன்னிப்பதாகவும் நேசிப்பதாகவும் கூறினார். அடக்கங்கள் முடிந்து மண்ணின் ஈரம் உலராத வேளை அது. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அவர்களும் தாக்கியோரை மன்னித்துவிட்டதாகத் தம் மறையுரையில் அறிவித்தார்.

இவற்றைக் கேட்டு உலகம் வியந்தது. ஆனால் வியப்புடன் நில்லாது, வினாக்களும் எழவேண்டும். எமது மாணவரிடத்தில் எழுந்தன. அக்கரிநெருப்பின் அருகே, ஒருவர்பின் ஒருவராக மூவர் மூன்று வினாக்களைக் கேட்டனர்.

“மன்னித்தால் சட்டம் எதற்கு?”

முதலிற் கேட்டவர் சைவ மாணவர். “குற்றஞ் செய்தவனை மன்னித்துவிட்டால் நீதிமன்றம் எதற்கு, சேர்? இது கோழைத்தனம் ஆகாதா?”

மன்னிப்பு வேறு, விடுதலைப் பத்திரம் வேறு. பாதிக்கப்பட்டவன் தன் நெஞ்சிலிருந்து பழியுணர்ச்சியை அகற்றுவது மன்னிப்பு. உண்மையைக் கண்டறிந்து, இன்னொரு உயிர் போகாமற் காப்பது நீதியின் கடமை. முன்னது தனி மனிதன் செய்யத்தக்கது. பின்னதைக் கைவிட எவருக்கும் உரிமையில்லை.

மன்னித்ததாக அறிவித்த அதே கர்தினால்தான், உண்மையை வெளிப்படுத்தக் கோரி 2021 மார்ச் 7ஆந் தேதியைக் கறுப்பு ஞாயிறாக அனுட்டிக்கச் செய்தார். முன்னரே எச்சரிக்கை கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறினர் என்று, பாதிக்கப்பட்டோரும் மற்றையோரும் தொடுத்த அடிப்படை உரிமை வழக்குகளில் 2023 ஜனவரி 12ஆந் தேதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்காலத்து ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்றும், உயர் அதிகாரிகள் நால்வரும் தத்தமக்கு விதித்த தொகையைச் செலுத்த வேண்டுமென்றும் கட்டளை பிறந்தது. மன்னித்தவர்கள் உறங்கிவிடவில்லை என்பதற்கு இது சான்று.

இந்தியாவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒடிசாவில் தொழுநோயாளருக்குத் தொண்டாற்றிய அவுஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸ், 1999 ஜனவரியில் மனோகர்பூர் என்னும் சிற்றூரில் தம் இரு பாலகருடன் வாகனத்தினுள் உறங்கியபோது தீயிட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார் கொலையாளரை மன்னித்ததாகக் கூறினார். தண்டனை சட்டத்தின் பொறுப்பென்று விட்டுவிட்டார். சட்டம் தன் வழியே சென்றது. தலைமைக் குற்றவாளிக்கு ஆயுட்சிறை உறுதியாயிற்று. அம்மையாரோ தம் மகளுடன் மேலும் சில ஆண்டுகள் அங்கேயே தங்கித் தொழுநோயாளரைப் பேணினார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. கோழையின் செயலா இது?

எமது சைவ மரபிலும் இதற்கு இணையான வரலாறு உண்டென்பதை அம்மாணவருக்கு நினைவூட்டினோம். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், திருநீறு பூசிச் சிவனடியார் வேடந் தாங்கி அந்தப்புரத்தினுள் நுழைந்தான். கையில் ஏட்டுக்கட்டு, கட்டினுள் கத்தி. நாயனார் வணங்கிய வேளையிற் குத்தினான். மெய்காவலன் தத்தன் வாளை உருவியபோது, வீழ்கின்ற நாயனார் அதனைத் தடுத்தார். கொன்றவனை ஊரவர் தீண்டாது எல்லைகடத்தி விடும்படி பணித்தார். அவன் பாதுகாப்பாகச் சென்றான் என்ற செய்தி வருமளவும் உயிரைத் தாங்கியிருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் பாடிவைத்த இவ்வரலாற்றை, சீயோன் தேவாலய வாசலில் நிறுத்திப் பார்க்கும்போது நெஞ்சு திடுக்கிடுகிறது. அங்கே ஏட்டினுள் கத்தி. இங்கே பையினுள் குண்டு. இரண்டும் பக்தனின் கோலத்தில் வந்தன.

ஒரு வேறுபாடும் உண்டு. நாயனார் கொலைஞனைக் காத்தது அவன் தாங்கிய திருவேடத்தின் பெருமை நோக்கி. கிறிஸ்து தம்மைச் சிலுவையில் அறைந்தோருக்காக வேண்டியது, அவர்கள் செய்வது இன்னதென்று அறியாதவர்கள் என்னும் இரக்கத்தால். வழி வேறு, எனினும் இருவரும் பழிக்குப் பழி என்னும் சங்கிலியைத் தம் உடலோடு அறுத்தார்கள். இன்னா செய்யாமை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் மரபினர் நாம். இதனைப் புரிந்துகொள்வதில் எமக்கு இடர்ப்பாடு இல்லை.

“எங்களை எதற்காக மன்னிக்க வேண்டும்?”

இரண்டாவது வினா கல்முனைப் பக்கத்து முஸ்லிம் மாணவருடையது. சற்றே குரல் தழுதழுக்கக் கேட்டார்: “அவர்கள் எங்களை மன்னித்துவிட்டார்கள் என்று சிலர் பெருமையாய்ச் சொல்லுகிறார்கள். நாங்கள் என்ன செய்தோம், சேர்?”

இவ்வினா எம்மைத் தலைகுனியச் செய்தது. மன்னிப்பு என்றால் குற்றம் ஒன்று இருத்தல் வேண்டும். குற்றமற்றவனுக்கு மன்னிப்பு நீட்டுவது அவன்மீது பழி சுமத்துவதாகும். சீயோன் சபையினர் மன்னித்தது குண்டுதாரியையும் அவனை ஏவினோரையும், ஒரு சமுதாயத்தையன்று. அதனைச் சமுதாயத்தின் பெயரில் எழுதியது நம் போன்ற வேடிக்கை பார்ப்போரின் தவறு.

நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26இல், சாய்ந்தமருதில் குண்டுதாரிகளின் உறவினர் பதுங்கியிருந்த வீட்டைப் பற்றி ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. படையினர் சூழ்ந்தபோது உள்ளிருந்தோர் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். அவ்வீட்டினுள் மாண்டோரில் ஆறு பேர் குழந்தைகள். சீயோன் முற்றத்தில் 14 குழந்தைகள். சாய்ந்தமருது வீட்டில் 6 குழந்தைகள். பெரியோரின் வெறிக்கு இரையான அவர்களிடையே பக்கம் பிரிக்க எமக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதம், மே 2019இல், குருநாகல், கம்பகா, புத்தளம் மாவட்டங்களில் ஒன்றும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சிலர் செய்ததற்குப் பலரைத் தண்டித்த அச்செயலுக்கு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அம்மாணவருக்கு வேண்டுவது மன்னிப்பன்று, நீதியும் நட்புமே.

இன்னும் ஓர் உண்மையைச் சொல்லாமல் விடுதல் ஆகாது. வழிபாட்டிடத்தில் மனிதர் கொல்லப்பட்டது இக்கரையில் 2019இலேதான் முதன்முதல் நிகழ்ந்தது என்பதில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆந் தேதி காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் தமிழ்ப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆகஸ்ட் 12இல் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், பிள்ளையார் கோவிலைத் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். பள்ளிவாசல், கோவில், தேவாலயம் என்னும் மூன்றிலும் இரத்தம் சிந்திய கரை இது. புட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்று மேடைகளிற் சொல்லுகிறோம், அது பொய்யன்று. ஆனால் அந்தப் புட்டில் எப்பொழுது மண் விழுந்தது என்பதைச் சொல்ல நாணுகிறோம். மன்னிப்பு வழங்கும் ஆசனத்தில் அமர விரும்புவோர் பலர். மன்னிப்புக் கேட்கும் மணலில் மண்டியிடுவோர் மிகச் சிலர். காத்தான்குடியை நினைக்கும்போது தமிழராகிய நாம் நிற்கவேண்டிய இடம் எதுவென்று எமக்குத் தெரியும். அதனை அம்மாணவரிடம் வாய்விட்டே சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே ஆகஸ்ட் மாதத்தில் ஒரு விளக்கும் எரிந்தது. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பணியாற்றி, மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார், கலவரத்திற் சிக்கியோருக்கு உதவ வாழைச்சேனை சென்று, 1990 ஆகஸ்ட் 15இல் மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் உடன்சென்றவருடன் காணாமற் போனார். இன்றுவரை திரும்பவில்லை. பிரயாணஞ் செய்யலாகாத காலத்தில் அவரைப் பாதையில் இறக்கியது எது? தாம் போதித்ததைத் தாமே வாழவேண்டும் என்னும் உறுதியே.

“என்னால் முடியவில்லை”

மூன்றாவது வினா கிறிஸ்தவ மாணவருடையது. நெடுநேரம் மௌனமாயிருந்தவர் சொன்னார்: “அந்த ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. என்னோடு விளையாடின தோழன் ஒருவன் அன்றைக்குச் செத்துப்போனான். மன்னிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். என்னால் முடியவில்லை, சேர். நான் நல்ல கிறிஸ்தவன் இல்லையா?”

சைவராகிய நாம் இதற்கு விடை சொல்லத் தகுதியுடையோமா? தயங்கினோம். ஆயினும் அவருடைய நூலிலிருந்தே ஒன்றைக் காட்டினோம். உயிர்த்தெழுந்த உடலில் வடு மறையவில்லை என்று முன்னர்க் கூறினோம். தோமா என்னும் சீடர் அவ்வடுக்களைத் தொட்டாலன்றி நம்பேன் என்றார். அவரை எவரும் விலக்கி வைக்கவில்லை. எட்டு நாள் கழித்து அவருக்காகவே இயேசுநாதர் மறுபடியும் வந்தார். எட்டு நாளின் தாமதம் அவரைச் சீடர் அல்லாதவர் ஆக்கவில்லை.

மன்னிப்பு மறதியன்று. மறந்துவிட்டாற் பின் மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது? வடு இருக்கும்; தொட்டால் வலிக்கும். எழுபது முறை ஏழு என்னும் கணக்குப் பேதுருவுக்குச் சொல்லப்பட்டது. எத்தனை பிழைக்கும் கணக்குப் பாராது மன்னிக்கவேண்டும் என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் நாம் அதில் வேறொன்றும் காண்கிறோம்: ஒரே குற்றத்தையும் நினைவு வரும்போதெல்லாம் மீண்டும் மீண்டும் மன்னிக்கவேண்டி இருக்கிறது. இன்று முடிந்தது நாளை முடியாமற் போகலாம். நாளை மறுநாள் மறுபடியும் முயலலாம். துக்கத்தில் இருக்கும் ஒருவரை நோக்கி, மன்னித்துவிடு என்று வெளியிலிருந்து கட்டளையிட எவருக்கும் உரிமையில்லை. அது அவருடைய நெஞ்சில், அவருடைய காலத்தில் கனிய வேண்டியது. முடியவில்லையே என்று வருந்துபவன் கதவைப் பூட்டிவிட்டவன் அல்லன்.

இவ்வாறு கூறியபோது, எம்மினும் நல்ல விடையை வேறொருவர் அளித்தார். முஸ்லிம் மாணவர் எழுந்து சென்று, முதியவரிடம் தேநீர்க் கோப்பை ஒன்றை வாங்கிவந்து, கிறிஸ்தவ மாணவரின் கையிற் கொடுத்து, அவரருகே மணலில் அமர்ந்துகொண்டார். சீனி போதுமா என்று மட்டும் கேட்டார். இருவரும் வேறெதுவும் பேசியதாக எமக்குத் தெரியவில்லை.

நாம் செய்யத்தக்கது

இனி வீட்டிலும் பள்ளியிலும் நாம் செய்யத்தக்கது யாது?

இக்கரையின் ஊர்களை வடக்கிலிருந்து எண்ணிப் பாருங்கள்: மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் பன்பாயின் இழைகள்போல் மாறிமாறிக் கிடக்கின்றன. ஓரிழையை உருவினாற் பாய் முழுவதும் அவிழும். 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆழிப்பேரலை வந்தபோது அது எவருடைய சமயத்தையும் விசாரிக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். அந்நாட்களிற் கிடைத்த கூரையின்கீழ் எல்லாரும் தங்கினோம். கிடைத்த சோற்றை எல்லாரும் உண்டோம். துன்பம் வந்தபோது இயன்றது, துன்பமில்லாத போது ஏன் இயலவில்லை?

காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் சைவத் துறவி. தமிழுலகம் போற்றும் பேரறிஞர். அவர் பாலியத்திற் கற்றது கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும். கிறிஸ்தவப் பள்ளியிற் கற்றதால் அவர் சைவம் குன்றவில்லை, அகன்றது. மாணவர்களும் தம் சமயத்தில் ஊன்றி நின்றுகொண்டே அயற்சமயத்தின் சிறந்த கருத்து ஒன்றையேனும் கற்றுக்கொள்ளுதல் நன்று. முஸ்லிம் மாணவர், தம்மைக் கிணற்றில் எறிந்த சகோதரரை எகிப்தில் மன்னித்த யூசுப் நபியின் வரலாற்றைக் குர்ஆனிலிருந்து எடுத்துச் சொல்லட்டும். அதே வரலாற்றைக் கிறிஸ்தவ மாணவர் பைபிளிலிருந்து யோசேப்பின் கதையாகச் சொல்லட்டும். சைவ மாணவர் மெய்ப்பொருள் நாயனாரைச் சொல்லட்டும். ஒரு வகுப்பறையில் இம்மூன்றும் ஒருநாள் ஒலிக்குமாயின் அதுவே பெரிய பாடம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். அயற்சமயத்தவரைப் பற்றி வீட்டில் நாம் உதிர்க்கும் இழிசொல்லை ஓரமாயிருந்து பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. குண்டு செய்யும் மருந்து கடையில் வாங்கப்படுகிறது. அதனைக் கையிலெடுக்கும் வெறுப்போ வீட்டிலும் தெருவிலும் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அதனை நிறுத்துவது நம் கையில் உள்ளது.

உயிர்த்த ஞாயிற்றின் செய்தியை எம்போன்றோர் சமயக் கொள்கையாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அது கூறும் ஒழுக்கத்தை எவரும் கைக்கொள்ளலாம். கொடுமைக்கு இறுதிச் சொல்லை விட்டுக்கொடாதே, வடுவை மறைக்காதே, வடுவைக் காட்டிப் பகை வளர்க்காதே, உன்னை மறுதலித்தவனுக்கும் காலை உணவு ஆக்கி வை.

வெயில் ஏறிற்று. படகுகளை மணலில் இழுத்துவிட்டு வலைகளை உதறிக்கொண்டிருந்தனர் மீனவர். நாம் புறப்படும்போது முதியவர் இரண்டு மீன்களை ஓலையிற் சுற்றி மாணவரிடம் கொடுத்தார். விலை கேட்டோம். “நெருப்புக்குப் பக்கத்துல இருந்தவங்களுக்கு வில சொல்லுறதா, சேர்?” என்று சிரித்தார்.

அம்மீனைச் சுமந்துகொண்டு மூவரும் எமக்கு முன்னே நடந்தனர். பாலத்தைக் கடக்கும்வரை எவர் கையில் அது இருந்ததென்று நாம் கவனிக்கவில்லை, மாறிமாறித்தான் கொண்டுசென்றார்கள்.